“டைரக்ட்” கொடுக்காதீர்கள்!

மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் பெருகி வருகிறார்கள். பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் “ஹைபிரிட்” கார்களும் பெருகி வருகின்றன. நல்ல மாற்றம்தான். வரவேற்போம்.

ஆனால் புதிய காரோடு நம்முடைய பழைய கெட்ட பழக்கம் ஒன்றும் சேர்ந்து கொள்ளக் கூடாது.

அது என்ன பழக்கம்?

“டைரக்ட்” கொடுப்பது!

இந்தச் சொல்லைத் தெரியாதவர் நம் ஊரில் இல்லை. சுவிட்சு கெட்டுப் போனால், சுவிட்சை ஒதுக்கிவிட்டு இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி விடுவார்கள். பீஸ் போனால், மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றி விடுவார்கள். விளக்கு எரிந்தால் சரி, மோட்டார் ஓடினால் சரி. அதோடு வேலை முடிந்தது!

வீட்டிலேயே அது தவறு. மின்சாரக் காரில் அது ஓர் உயிரைக் குடிக்கும்.

நமக்கு என்ன?

“எங்களிடம் காரே இல்லை. இது எங்களுக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம்.

கார் உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் காரைப் பழுது பார்க்கிறவன் உங்கள் மகனாக இருக்கலாம். காரைக் கழுவுகிறவன் உங்கள் தம்பியாக இருக்கலாம். வாடகைக் கார் ஓட்டுகிறவர் உங்கள் கணவராக இருக்கலாம். நீங்கள் ஏறும் பேருந்தே மின்சாரப் பேருந்தாக இருக்கலாம். 2025 ஜூன் முதல் சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன.

கார் தயாராவதும் நம் நாட்டுப் பக்கத்தில்தான். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஹூண்டாய் தொழிற்சாலையில் மின்சாரக் கார்கள் உருவாகின்றன. தூத்துக்குடியில் வின்பாஸ்ட் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

கார் செய்கிற ஊரில், காரைப் பத்திரமாகப் பழுது பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

எவ்வளவு மின்சாரம்?

பெட்ரோல் காரின் பேட்டரி 12 வோல்ட். அதைக் கையால் தொட்டால் “ஷாக்” அடிக்காது. நம் மெக்கானிக்குகள் அதோடுதான் பழகியவர்கள்.

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அது ஆளைக் கொல்லும். இது எல்லோருக்கும் தெரியும்.

மின்சாரக் காரின் பெரிய பேட்டரி எவ்வளவு? பல கார்களில் 300 முதல் 400 வோல்ட் வரை. சில புதிய கார்கள் 800 வோல்ட் வகையைச் சேர்ந்தவை!

ஐ.நா. வாகன விதி எண் 100 என்று ஒன்று இருக்கிறது. 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட டி.சி. மின்சாரத்தை அது “உயர் அழுத்தம்” என்று வகுக்கிறது. அப்படியானால் 400 வோல்ட் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

பேட்டரி கொடுப்பது டி.சி. மின்சாரம். வீட்டில் இருப்பது ஏ.சி. மின்சாரம். வீட்டு மின்சாரம் ஒரு வினாடியில் 100 தடவை பூஜ்யத்துக்கு வந்து போகும். அதனால் பொறி கிளம்பினாலும் அணைய வழி உண்டு. டி.சி. அப்படி அல்ல. ஓடுகிற மின்சாரத்தைப் பிடுங்கினால் நெருப்பு வில் போல நீளும். கையையும் முகத்தையும் சுட்டுவிடும்.

இந்தப் பெரிய மின்சாரம் போகும் கேபிள்கள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். “தொடாதே” என்பதற்கு அதுவே அடையாளம். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 50 வோல்ட் அளவில் ஓடுகின்றன. இங்கே சொல்வது முக்கியமாகக் கார், பேருந்து பற்றியது.

காவல்காரன்

இவ்வளவு ஆபத்தான மின்சாரத்தை வைத்துவிட்டு, காரைச் செய்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு காவல்காரனையும் வைத்திருக்கிறார்கள்.

அதற்கு “இன்டர்லாக்” என்று பெயர். நாம் அதைக் “காவல் சுற்று” என்று அழைப்போம்.

கோவில் திருவிழாவில் சீரியல் பல்பு கட்டுவார்கள். பழைய சீரியலில் ஒரு பல்பு போனால், வரிசை முழுவதும் அணைந்துவிடும். காரணம், எல்லாப் பல்பும் ஒரே சங்கிலியாக இருக்கின்றன.

காவல் சுற்றும் அப்படித்தான். ஒரு மெல்லிய வயர். அதில் ஓடுவது மிகச் சிறிய மின்சாரம். அது காரின் கம்ப்யூட்டரில் இருந்து புறப்படுகிறது. பேட்டரியின் பாதுகாப்புப் பிளக், இன்வெர்ட்டர் மூடி, ஏர்கண்டிஷன் கம்ப்ரசர், சார்ஜர் என்று ஒவ்வொரு கப்ளரையும் தொட்டுக் கொண்டு போகிறது. பிறகு கம்ப்யூட்டருக்கே திரும்புகிறது. சில கார்களில் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட சுற்றுகளும் உண்டு.

எங்காவது ஒரு கப்ளர் கழன்றால், அல்லது ஒரு மூடி திறந்தால், சங்கிலி அறுபடும். உடனே கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும்.

பேட்டரிப் பெட்டிக்குள் பெரிய ரிலேக்கள் இருக்கின்றன. அவைதாம் கோட்டைக் கதவுகள். காவல்காரன் குரல் கொடுத்ததும் கம்ப்யூட்டர் அந்தக் கதவுகளைச் சாத்திவிடும். மின்சாரம் பேட்டரியை விட்டு வெளியே வராது.

கருவி இல்லாமல் கையாலேயே கழற்றக்கூடிய கப்ளரைப் பற்றி ஐ.நா. விதி ஒரு வழி சொல்கிறது. கழற்றிய 1 வினாடிக்குள் அங்கே மின்சாரம் 60 வோல்ட்டோ அதற்குக் குறைவாகவோ இறங்கிவிட வேண்டும். காவல் சுற்று அதற்கு உதவுகிறது.

சின்ன முள்ளின் பெரிய வேலை

ஆரஞ்சு கப்ளருக்குள்ளே பெரிய முட்கள் இருக்கும். அவற்றில்தான் பெரிய மின்சாரம் ஓடும். பக்கத்தில் சிறிய முட்கள் இருக்கும். அவை காவல் சுற்றைச் சேர்ந்தவை.

அந்தச் சிறிய முட்களை வேண்டுமென்றே குட்டையாக வைத்திருப்பார்கள். ஏன்?

கப்ளரை இழுத்தால், குட்டை முள்தான் முதலில் பிரியும். அப்போதே கம்ப்யூட்டர் விழித்துக் கொள்ளும். பெரிய முள் பிரிவதற்குள் மின்சாரத்தை நிறுத்தப் பார்க்கும். திரும்பச் செருகும்போது குட்டை முள் கடைசியில்தான் சேரும். பெரிய முள் உறுதியாக உட்கார்ந்த பிறகே கார் கிளம்பும்.

இவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள். அதைத்தான் ஒரு துண்டுக் கம்பியால் நாம் ஏமாற்றப் பார்க்கிறோம்!

ஏன் அறுபடுகிறது?

காவல் சுற்றில் பழுது என்றால், பேட்டரியே போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். பல தடவை காரணம் சிறியதாகவே இருக்கும்.

கப்ளர் முழுவதும் உட்காராமல் இருக்கலாம். பூட்டு விழாமல் இருக்கலாம்.

முள் விரிந்து போயிருக்கலாம். அல்லது பின்னால் தள்ளப்பட்டிருக்கலாம்.

தண்ணீர் புகுந்து பச்சை பிடித்திருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய காரில் இந்தத் தொல்லை பின்னால் வரக்கூடும்.

எலி கடித்திருக்கலாம். எலிக்கு மின்சாரக் கார், பெட்ரோல் கார் என்ற வேற்றுமை இல்லை!

கார் எங்காவது இடித்திருக்கலாம். ஏர்கண்டிஷன் வேலை பார்த்தவர் ஒரு மூடியைச் சரியாக முடுக்காமல் விட்டிருக்கலாம்.

பிரியஸ் சொல்லும் பாடம்

உலகில் பெரிய அளவில் விற்பனைக்கு வந்த முதல் ஹைபிரிட் கார், டொயோட்டாவின் “பிரியஸ்.” 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் இரண்டாவது வடிவம் 2003-இல் வந்தது. அதன் பேட்டரி 201.6 வோல்ட். அதை 500 வோல்ட் வரை ஏற்றி மோட்டாருக்குக் கொடுப்பார்கள்.

அந்தக் காரின் பின்பக்கம் ஓர் ஆரஞ்சுப் பிளக் இருக்கும். பழுது பார்க்கும் முன் அதைப் பிடுங்கிவிட வேண்டும். வேலை முடிந்ததும் திரும்பச் செருக வேண்டும்.

செருகுவதில் மூன்று படிகள். முதலில் உள்ளே தள்ள வேண்டும். பிறகு கைப்பிடியை மேலே திருப்ப வேண்டும். கடைசியில் கைப்பிடியைக் கீழே அழுத்திப் பூட்ட வேண்டும்.

இந்த மூன்றாவது படியைப் பலர் மறந்துவிடுவார்கள். பிளக் உட்கார்ந்தது போலவே தெரியும். ஆனால் காவல் சுற்று சேர்ந்திருக்காது. கார் கிளம்பாது. ஸ்கேனரை மாட்டினால் “பி0ஏ0டி” என்ற குறி வரும்.

விவரம் தெரியாதவர் என்ன நினைப்பார்? பேட்டரி போச்சு, இன்வெர்ட்டர் போச்சு என்று நினைப்பார். பெரிய செலவுக்குக் கணக்குப் போடுவார். விவரம் தெரிந்தவர் கைப்பிடியை ஓர் அழுத்து அழுத்துவார். பழுது தீர்ந்தது!

இது காட்டுவது என்ன? காவல் சுற்றுப் பழுதுக்கு முதல் மருந்து பணம் அல்ல. பொறுமை. இரண்டாவது மருந்து படிப்பு. கண்ணை மூடிக்கொண்டு கம்பியை முறுக்குவது மருந்தே அல்ல.

முதலில் உயிர்

பழுதைத் தேடுவதற்கு முன்னால் உயிருக்குக் காவல் போட வேண்டும். இது பயிற்சி பெற்ற மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. இருந்தாலும் வீட்டில் உள்ளவர்களும் தெரிந்து வைத்துக் கொள்ளலாம். வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக் கொள்ளலாம்.

காரை அணைக்க வேண்டும். சாவியைத் தூரத்தில் வைக்க வேண்டும். 12 வோல்ட் சிறிய பேட்டரியின் வயரைக் கழற்ற வேண்டும்.

மோதிரம், கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

உயர் அழுத்தத்துக்கு என்றே செய்த ரப்பர் கையுறை போட வேண்டும். தோட்ட வேலைக் கையுறை போதாது. போடும் முன் அதைச் சுருட்டிக் காற்று அடைத்துப் பார்க்க வேண்டும். ஊசித் துளை இருந்தாலும் அது உதவாது.

பிறகு பாதுகாப்புப் பிளக்கைப் பிடுங்க வேண்டும். அதைத் தன் பையிலேயே போட்டுக் கொள்ள வேண்டும். அப்போதுதான் வேறொருவர் தெரியாமல் செருகிவிட மாட்டார்.

பிளக்கைப் பிடுங்கியதும் கை வைக்கலாமா? கூடாது! இன்வெர்ட்டருக்குள் பெரிய கண்டென்சர்கள் இருக்கின்றன. நம் மின்விசிறியில் சிறியதாக ஒன்று இருக்கிறதே, அந்த இனம்தான். அவை மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். 5 நிமிடமோ 10 நிமிடமோ, காருக்கு உரிய புத்தகம் சொல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும்.

அதன் பிறகும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மின்சாரம் உள்ள இடத்தில் மீட்டரை முதலில் சோதிக்க வேண்டும். பிறகு காரில் வைத்துப் பார்க்க வேண்டும். திரும்பவும் மின்சாரம் உள்ள இடத்தில் சோதிக்க வேண்டும். நடுவில் மீட்டரே கெட்டுப் போயிருந்தால்? அதனால்தான் இந்த மூன்று சோதனை.

இவ்வளவு செய்தாலும் பேட்டரிப் பெட்டிக்குள்ளே மின்சாரம் அப்படியே இருக்கும். பேட்டரியை அணைக்க ஒருவராலும் முடியாது. அந்தப் பெட்டியை வெளியில் யாரும் திறக்கவே கூடாது.

டெஸ்டரை நம்பாதீர்கள்

நம் எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு பழக்கம். சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கும். வயரில் வைப்பார்கள். விளக்கு எரிந்தால் கரண்ட் இருக்கிறது. எரியாவிட்டால் இல்லை.

காரில் இந்தக் கணக்குச் செல்லாது.

வீட்டு மின்சாரத்துக்குப் பூமியோடு தொடர்பு உண்டு. அதனால் டெஸ்டர் எரிகிறது. காரின் பெரிய பேட்டரியோ, காரின் உடலோடும் பூமியோடும் சேராமல் தனியாக இருக்கிறது. அங்கே 400 வோல்ட் இருக்கும். டெஸ்டர் எரியாமல் போகலாம்!

இன்னும் ஓர் ஏமாற்று உண்டு. ஒரு முனையைத் தொட்டால் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். “கரண்டே இல்லை” என்று தைரியம் வந்துவிடும். அடுத்த கை இன்னொரு முனையைத் தொடும். அதோடு முடிந்தது.

ஆகவே, இந்த வேலைக்கு டெஸ்டர் உதவாது. இதற்கென்று தகுதி பெற்ற மீட்டர்தான் உதவும்.

கண்டுபிடிப்பது எப்படி?

இப்போது பழுதைத் தேடலாம்.

முதலில் ஸ்கேனர் சொல்லும் குறியை எழுதிக் கொள்ள வேண்டும். எடுத்த எடுப்பிலேயே அதை அழிக்கக் கூடாது. பழுது வந்தபோது கார் ஓடியதா, நின்றதா, என்ன வேகம் என்பதும் பல கார்களில் பதிவாகி இருக்கும். அதுதான் துப்பு.

இரண்டாவது, கார்க்காரரிடம் கேட்க வேண்டும். “சார், இதற்கு முன்னால் யாராவது வேலை பார்த்தார்களா? தண்ணீரில் ஓட்டினீர்களா? எங்காவது இடித்ததா?” நல்ல டாக்டர் நோயாளியிடம் கேட்காமல் மருந்து கொடுப்பாரா?

மூன்றாவது, 12 வோல்ட் சிறிய பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது தளர்ந்திருந்தால் கம்ப்யூட்டர் குழம்பி, இல்லாத பழுதையும் சொல்லும்.

நான்காவது, மேலே சொன்ன காவல்களை எல்லாம் போட்டுக் கொண்டு, கண்ணால் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கப்ளரும் பூட்டி இருக்கிறதா? மூடிகள் முடுக்கி இருக்கின்றனவா? எலிப் புழுக்கை கிடக்கிறதா? பாதிப் பழுதுகள் கண்ணுக்கே அகப்பட்டுவிடும் என்று சொன்னால் மிகையாகாது.

கண்ணுக்கு அகப்படாவிட்டால்? சீரியல் பல்புக் கணக்குத்தான்.

காவல் சுற்றில் 8 கப்ளர்கள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஒவ்வொன்றாகச் சோதித்தால் 8 தடவை சோதிக்க வேண்டி வரும். அப்படிச் செய்ய வேண்டாம். நடுவில் பிரித்து மீட்டர் வையுங்கள். முதல் பாதி நன்றாக இருந்தால், பழுது மறு பாதியில். 8 என்பது 4 ஆகிவிட்டது. அந்த நாலை மறுபடியும் நடுவில் பிரியுங்கள். 2 ஆகிவிடும். இன்னொரு தடவை பிரித்தால் குற்றவாளி அகப்படுவான். மூன்றே சோதனை!

இதற்குக் காரின் வயர் படம் வேண்டும். எது முதல், எது அடுத்தது என்று படம்தான் சொல்லும். படம் இல்லாமல் தேடுவது, விலாசம் இல்லாமல் வீடு தேடுவது போல.

சோதிக்கும்போது தடித்த கம்பியை முள்ளுக்குள் குத்தக் கூடாது. குத்தினால் முள் விரிந்துவிடும். பழைய பழுதைத் தேடப் போய்ப் புதிய பழுதை உண்டாக்கியவர் ஆவோம்.

சில பழுதுகள் வரும், போகும். மேடு பள்ளத்தில் வரும். நின்றால் மறைந்துவிடும். அப்போது மீட்டரை மாட்டிக் கொண்டு, மெல்லிய வயரை மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். முள் துள்ளும் இடத்தில் பழுது இருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. காவல் சுற்று சொல்வது, கதவுகள் மூடி இருக்கின்றனவா என்பதை மட்டும்தான். எங்காவது மின்சாரம் கசிகிறதா என்று அது சொல்லாது. அதற்கு வேறு சோதனை இருக்கிறது. சுற்று நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கையுறையைக் கழற்றிவிடக் கூடாது.

“டைரக்ட்” கொடுத்தால்?

இப்போது நம் பழக்கத்துக்கு வருவோம்.

கார்க்காரருக்கு அவசரம். மறுநாள் திருப்பதிக்குப் போக வேண்டும். “தம்பி, எப்படியாவது ஓட வை” என்கிறார். மெக்கானிக்குக்குப் படம் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் காவல் சுற்றின் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டார் என்று வைத்துக் கொள்வோம். கம்ப்யூட்டர் ஏமாந்துவிட்டால் சிவப்பு எழுத்து மறையும். கார் ஓடும். கார்க்காரருக்குச் சந்தோஷம். மெக்கானிக்குக்கு நல்ல பெயர்.

ஆறு மாதம் கழித்து ஏர்கண்டிஷன் குளிரவில்லை. கார் வேறொரு கடைக்குப் போகிறது. அங்கே இருபது வயதுப் பையன் ஒருவன் கம்ப்ரசர் கப்ளரைக் கழற்றுகிறான். கழற்றினால் மின்சாரம் நின்றுவிடும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நிற்கவில்லை! காவல்காரனின் வாயை ஆறு மாதத்துக்கு முன்னாலேயே கட்டிவிட்டார்களே!

கம்பி முறுக்கியவர் ஒருவர். கை வைத்தவன் இன்னொருவன். முறுக்கியவருக்கு அந்தப் பையனின் பெயர்கூடத் தெரியாது. இதுதான் இதில் உள்ள பெரிய கொடுமை. தன் உயிரைப் பணயம் வைப்பது ஒருவருடைய சொந்த விஷயம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அடுத்த வீட்டுப் பையனின் உயிரைப் பணயம் வைக்க யாருக்கு உரிமை இருக்கிறது?

ஆகவே நான் உறுதியாகச் சொல்கிறேன். காவல் சுற்றில் “டைரக்ட்” கொடுப்பதைச் சின்னத் தவறாக நினைக்கக் கூடாது. ஓட்டை உடைசல் பிரேக்கோடு பேருந்தை அனுப்புவது எப்படிக் குற்றமோ, அப்படியே இதையும் குற்றமாகக் கருத வேண்டும்.

மெக்கானிக்கை மட்டும் திட்டலாமா?

திட்டக் கூடாது. அது நியாயம் அல்ல.

சாலையோரக் கடை மெக்கானிக் படித்தது அனுபவப் பள்ளியில். ஸ்பானரைப் பிடித்து முப்பது ஆண்டு ஆனவர். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லுவார். அவருடைய திறமை சாமானியம் அல்ல. ஆனால் சத்தமே இல்லாத காரை அவர் முன்னால் நிறுத்திவிட்டோம்.

ஐ.டி.ஐ.களில் “மின்சார வாகன மெக்கானிக்” என்ற பிரிவு வந்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அது பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு. நாற்பத்தைந்து வயது மெக்கானிக் கடையை மூடிவிட்டு இரண்டு வருடம் படிக்கப் போக முடியுமா? குடும்பம் என்ன ஆகும்?

அவருக்கு மாலை வகுப்பு வேண்டும். சில வாரங்கள் போதும். தமிழில் நடத்த வேண்டும். கையுறை போடுவதில் இருந்து, மீட்டர் பிடிப்பது வரை நேரில் செய்து காட்ட வேண்டும். முடித்தவருக்கு ஒரு சான்று அட்டை கொடுக்க வேண்டும். அதைக் கடையில் மாட்டி வைக்கட்டும். மக்கள் பார்த்துக் காரை விடுவார்கள்.

கம்பெனிகளுக்கும் கடமை உண்டு. வயர் படத்தையும், பழுது பார்க்கும் முறையையும் பூட்டி வைக்கக் கூடாது. “எங்கள் கடைக்கே வா” என்றால் சென்னைக்காரர் போவார். கடை இல்லாத ஊர்க்காரர் என்ன செய்வார்? வழி இல்லாதபோதுதான் மனிதன் குறுக்கு வழிக்குப் போகிறான். படத்தை மறைத்தால் “டைரக்ட்”தான் வளரும்.

“ஆபத்தான வேலையைக் கண்டவர் கையில் கொடுக்கலாமா?” என்று கம்பெனிக்காரர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. பதிலும் எளிது. பயிற்சிச் சான்று உள்ளவருக்குக் கொடுங்கள். நியாயமான விலைக்குக் கொடுங்கள்.

ஆரஞ்சு கேபிளை வெட்டி ஒட்டக் கூடாது. முழுவதும் மாற்றத்தான் வேண்டும். அது பத்திரத்துக்காக ஏற்பட்ட விதி. ஒப்புக் கொள்வோம். ஆனால் காவல் சுற்றின் சின்ன முள், சின்ன பூட்டு இவற்றையாவது தனியாக விற்கலாம் அல்லவா?

2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை “பழுது பார்க்கும் உரிமை” என்ற இணைய தளத்தைத் தொடங்கியது. அதில் மோட்டார் வாகனமும் ஒரு பிரிவு. பெயரளவில் நின்றுவிடாமல், இந்தக் காவல் சுற்றுப் படங்களும் அந்த வழியாகக் கடைக்கோடி மெக்கானிக்குக்குக் கிடைக்க வேண்டும். அப்போதுதான் அந்த உரிமைக்குப் பொருள் உண்டு.

வீட்டார் செய்ய வேண்டியது

மின்சாரக் காரோ ஹைபிரிட் காரோ வைத்திருப்பவர்கள் சில விதிகளை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஓடும்போது சிவப்பு எழுத்து வந்தால் பதற வேண்டாம். பல கார்கள் நடுச்சாலையில் திடீரென்று நிற்காது. ஆனால் ஒரு தடவை அணைத்தால் மறுபடி கிளம்பாமல் போகலாம். ஆகவே பத்திரமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டிய பிறகே அணையுங்கள்.

கயிறு கட்டி இழுக்காதீர்கள். சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கக் கூடும். லாரி மேல் ஏற்றிக் கொண்டு போவதே நல்லது.

வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கிளப்பிப் பார்க்காதீர்கள். வீட்டை ஒட்டி நிறுத்தவும் வேண்டாம். சில நாள் கழித்துக்கூடத் தீப்பற்றக் கூடும்.

ஆரஞ்சு கேபிள் மேல் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லாதீர்கள்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது மெக்கானிக்கிடம் மூன்று கேள்வி கேளுங்கள். “உயர் அழுத்தக் கையுறை இருக்கிறதா? இந்தக் காரின் வயர் படம் இருக்கிறதா? எந்தக் கப்ளரில் பழுது என்று காட்டுவீர்களா?” மூன்றுக்கும் பதில் இல்லை என்றால், கார் அங்கே நிற்க வேண்டாம்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். “காவல் சுற்றில் யாராவது கை வைத்தார்களா?” விவரம் தெரிந்தவரைக் கொண்டு சோதித்து வாங்குங்கள். முன்னவர் முறுக்கிய கம்பி உங்கள் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, “எப்படியாவது ஓட வை” என்ற சொல்லை விட்டுவிடுங்கள். “ஒழுங்காகச் செய்யுங்கள், அண்ணே. இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை” என்று சொல்லிப் பழகுங்கள்.

பயணம் இரண்டு நாள் தள்ளிப் போனால் நஷ்டம் இல்லை. சாமி கோபித்துக் கொள்ளாது. போன உயிர் மட்டும் திரும்பி வராது.

சிவப்பு எழுத்து எரிகிறது என்றால் காவல்காரன் விழித்திருக்கிறான் என்று பொருள். அவன் சொல்வதைக் கேளுங்கள். அவன் வாயைக் கட்டாதீர்கள்!